வில்ஃப்ரான்ஷில் ஒரு டெண்டர்

"கஸ்டமருக்குப் போன் போட்டு, தப்பு நம்மளுதுன்னு சொல்லி மன்னிப்புக் கேளுங்க சார்."

கண்மணி இதைச் சொன்னபோது ஆனந்தவல்லி பிளாஸ்கைச் சாய்த்துக் கணவருக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்தது, டபரா நிறைந்தது, பிறகு மேஜையும் நிறைந்தது. அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவள்தான் கண்மணியை ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொல்லியிருந்தாள். "இங்க பாரு, சார்கிட்ட நீ எதை வேணா கேட்டுக்கோ. லீவு கேளு, ஹீட்டர் வாங்கித் தரச் சொல்லு. மன்னிப்புக் கேளுங்கன்னு மட்டும் சொல்லிறாதே. தாலி கட்டின நாள்லருந்து நானே சொன்னதில்லை."

பாபகூரா ரயில் நிலையத்துக்கு எதிரே, டெய்ரி என்று இங்கே சொல்கிற ஒரு மூலைக்கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது சுந்தரத்தின் 'சுகயாத்ரா டிராவல்ஸ்'. ஆக்லாந்துத் தமிழர்களில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பி, அதே பாதியைத் திரும்பக் கூட்டியும் வந்தவன் நான் என்று அவரே சொல்லிக்கொள்வார். நியூசிலாந்துக்கு வருவதற்கு முன் விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலைத் துறைக்குச் சாலை போட்டுக் கொடுத்தவர். அந்தச் சாலைகளில் போகிறவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கண்மணிக்கு ஓர் ஊகம் உண்டு.

சுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஈரமாகாத ஒரு மூலையில் வைத்தார். "எதும்மா தப்பு?"

"யோகராஜா அங்கிளுக்கும் சறோஜா ஆன்ட்டிக்கும் போட்டுக் குடுத்தீங்களே, மெடிட்டரேனியன் க்ரூஸ். வில்ஃப்ரான்ஷ்ல கப்பல் கரையில கட்டும்னு சொல்லியிருக்கீங்க. கட்டாது சார். அந்த ஊருக்கு நேரா டெண்டர்னு போட்டிருக்கான்."

"ஆமா. நானும் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"டெண்டர் விட்டிருக்காங்கம்மா. புதுசா ஜெட்டி கட்டப்போறாங்க. நம்ம ஆளுங்க போய்ச் சேர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிரும்."

"காலங்காத்தால ஜட்டி கிட்டின்னுக்கிட்டு," என்று ஆனந்தவல்லி மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். "வயசுப் புள்ள நிக்குது, பாத்துப் பேசுங்க."

கண்மணி கண்ணை மூடித் திறந்தாள். எதிரே இருந்த மனிதர் அப்படியேதான் இருந்தார். மூடி முத்திரை வைத்த உறைகள், மதிப்பீடு, குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை, முன்பணம், பூமி பூஜை. டெண்டர் என்ற சொல்லுக்குள் அவர் பார்த்தது அவ்வளவும். மத்தியதரைக் கடலோரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், டெண்டர்னா குட்டிப் படகு. ஊர் சின்னது, கப்பல் பெரிசு. கட்ட இடம் கிடையாது. அதனால கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். ஆளுங்களை அந்தக் குட்டிப் படகுல ஏத்திக் கரைக்குக் கொண்டுபோவான். அங்கிள் பேட்டரி வீல்சேர்ல இருக்கார். அதை டெண்டர்ல ஏத்த மாட்டான்."

"ஏத்துவாங்கம்மா. ஃபிரான்ஸ்காரன் இளகின மனசுக்காரன்."

"உங்களுக்கு எத்தனை ஃபிரான்ஸ்காரனைத் தெரியும்?"

"பாண்டிச்சேரில பாத்திருக்கேன்."

அவள் பல்லைக் கடித்தாள். இது சிரித்துவிட்டுப் போகிற காரியமாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். சறோஜா இந்தக் கப்பலைக் கேட்டதே ஒரே ஒரு காரணத்துக்காக. அவளுடைய அண்ணன் டெஸ்மன் நீஸ் நகரத்தில் இருக்கிறார். வில்ஃப்ரான்ஷ் அதற்குப் பக்கத்து ஊர். சண்டைக் காலத்தில் மன்னாரை விட்டு ஆளுக்கொரு திசையாகப் போனவர்கள், அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. கப்பல் கரையில் கட்டும், அண்ணன் அங்கே வந்து நிற்பார், தங்கையைக் கட்டிப் பிடிப்பார் என்று சறோஜா இதே ஆபீசில் உட்கார்ந்து, தன்னுடன் வந்த தேவாலயத்துப் பெண்கள் எல்லாரும் கேட்கும்படி சொல்லி அழுதாள். "அவரைக் கப்பலில தனிய விட்டிட்டு நான் ஒரு அடி நகரமாட்டன்," என்றும் சொன்னாள். ஆக, யோகராஜாவின் நாற்காலி இறங்காவிட்டால் சறோஜாவும் இறங்க மாட்டாள். அண்ணன் கரையில் நிற்பார், தங்கை கப்பலில் நிற்பாள், நடுவில் சுந்தரத்தின் டெண்டர்.

"போன் போடுங்க சார்."

"இந்த புக்கிங்கை நீ தொடாதே. இது என் கஸ்டமர், நான் பாத்துக்கறேன்."

"என்னத்தைப் பாப்பீங்க?"

"கண்மணி," என்றார் சுந்தரம், மிகவும் பொறுமையாக. "சில விஷயம் படிப்புல வராதும்மா."

அவளைக் கிழிப்பதற்கு இதைவிடக் கூர்மையான கத்தி இல்லை. அருப்புக்கோட்டையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள் அவள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்க அப்பா தாலுகா ஆபீசுக்கு அலையாய் அலைந்தார். அப்பா பெயரை அங்கே ஒருவன் தப்பாக எழுதிவிட்டு, "என்னய்யா, உன் பேரே உனக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியல," என்று அப்பாவையே ஏசினான். அப்பா "மன்னிச்சிருங்க சார்" என்றார். தப்புச் செய்கிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், மன்னிப்புக் கேட்கிறவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள் என்பதை அவள் அன்றைக்குப் படித்தாள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம், இங்கே ஆக்லாந்தில் கடன் வாங்கிப் படித்த சுற்றுலா மேலாண்மை உட்பட, அதற்குப் போட்ட உரைதான்.

அவள் வெளியே போய், டெய்ரி வாசலில் நின்று, சறோஜாவுக்குத் தானே போன் போட்டாள்.

"ஆர், சுந்தரம் அண்ணேட்ட வேலை செய்யிற பிள்ளையோ? சொல்லும்."

கண்மணி சொன்னாள். சுற்றி வளைக்காமல், சர்க்கரை தடவாமல் சொன்னாள். கப்பல் கரையில் கட்டாது, அங்கிளால் இறங்க முடியாது, தப்பு எங்கள் ஆபீஸ் மேல்.



"மாதாவே," என்றாள் சறோஜா. பிறகு, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "என்ர மாதாவே."

"சாரி ஆன்ட்டி."

"என்ன பிள்ளை செய்யிறது. ஆண்டவற்ற சித்தம் அப்பிடியெண்டால் நாங்கள் என்ன செய்யேலும். கப்பல்காரனும் ஏஜென்டும் சேந்து ஏமாத்திப்போட்டாங்கள் எண்டு அண்ணாவுக்கு இப்பவே எடுத்துச் சொல்லிப்போடுறன். நீர் இதுக்காக ஒண்டும் மினக்கெடாதயும், என்ன? போன் எடுத்துச் சொன்னதே பெரிய காரியம்."

போனை வைத்தபோது கண்மணிக்குக் கண் எரிந்தது. எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறார்கள். முகாமில் வரிசை, தூதரகத்தில் வரிசை, எங்கே போனாலும் 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன சனம். ஒரு கத்தல் கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. இவர்கள் சண்டை போட மாட்டார்கள். சரி, இவர்களுக்காக நான் போடுகிறேன் என்று அவள் முடிவு செய்தாள்.

முதலில் கப்பல் கம்பெனியுடன் போட்டாள். மெல்பர்னில் இருந்து பேசிய ஓர் ஆள், இனிக்க இனிக்க முடியாது என்றான். அவனை அவள் மேலதிகாரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. மடக்குகிற சாதாரண வீல்சேர் என்றால் படகில் ஏற்றலாம். ஆனால் பயணி எழுந்து, ஓரிரு அடி எடுத்து வைத்து, தானே படகுக்குள் கால் வைக்க வேண்டும்.

"ஆன்ட்டி, அங்கிள் ரெண்டு அடி நடப்பாரா?"

"நடக்கிறதோ?" சறோஜா யோசித்தாள். பின்னால் ஏதோ உருளுகிற சத்தமும் ஓர் ஆண் குரலும் கேட்டன. "நீங்கள் இருங்கோப்பா," என்று சறோஜா யாரையோ அதட்டினாள். "இல்லைப் பிள்ளை. எழும்பி நிண்டாலே அவருக்குத் தலை சுத்தும். கடலுக்க விழுந்தாரெண்டால் ஆர் பாக்கிறது?"

அந்த வழி அடைபட்டது. அடைபட்டதோடு நிற்கவுமில்லை. நிற்கக்கூட முடியாத பயணி என்று கண்மணி வாயாலேயே தெரிந்துகொண்ட கப்பல் கம்பெனி, பயணம் செய்ய உடல் தகுதி உண்டு என்று டாக்டர் எழுதித் தர வேண்டும் என்று கேட்டது. மறுநாள் யோகராஜா டாக்டரிடம் போய்க் காத்துக் கிடந்தார்.

"உனக்கு என்னம்மா வந்துச்சு?" என்றார் சுந்தரம். "கஸ்டமரே விட்டுட்டாங்க. நீ ஏன் விட மாட்டேங்கறே?"

"அவங்க விட்டதாலதான் சார்."

"தொடாதேன்னு சொன்னேன்ல."

"டெண்டர் எந்த நிலைமையில இருக்கு சார்? ஜல்லி வந்துருச்சா?"

ஆனந்தவல்லி இருமுவதுபோல் திரும்பிக்கொண்டாள். சுந்தரத்தின் காது மடல் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். அவரிடம் பதில் இல்லை என்று கண்மணி எடுத்துக்கொண்டாள்.

அடுத்ததாக அவள் கண்டுபிடித்தது மார்செய். அதே கம்பெனி, இன்னொரு வாரத்துக் கப்பல். மார்செயில் கப்பல் கரையை ஒட்டிக் கட்டும். இறங்குகிற பாலம் சமதளம், வீல்சேர் சும்மா வழுக்கிக்கொண்டு இறங்கும். நீசிலிருந்து அண்ணன் ரயிலேறி வந்துவிடலாம். அறை தீர்ந்துவிடுமே என்று கண்மணி முதலில் அதைப் பிடித்து வைத்தாள், பிறகு போன் போட்டாள்.

"அந்தக் கிழமையோ?" என்றாள் சறோஜா. "ஐயோ, அண்டைக்கு மடுமாதா திருநாள் எல்லோ. இஞ்ச பூசை, சாப்பாடு, எல்லாம் என்ர பொறுப்பு."

"அதுக்கு அடுத்த வாரமும் ஒரு கப்பல் இருக்கு ஆன்ட்டி."

"அதுக்கு அடுத்த கிழமை," என்ற சறோஜா மூச்சு வாங்கிக்கொண்டாள், "அவருக்குக் கண் ஒப்பரேசன்."

"அதுக்கும் அடுத்த வாரம்?"

"கண் ஒப்பரேசன் செய்த ஆளைக் கொண்டு கப்பலில போகச் சொல்லுறீரோ, பிள்ளை?"

இதுவும் இல்லை என்று ஆயிற்று. ஆனால் மார்செய் கப்பலில் அறை பிடித்த வேகத்தில், பழைய கப்பலில் அவர்களுக்கு இருந்த அறை தானாகவே கைவிட்டுப் போயிருந்தது. கண்மணி பதறிப்போய்த் திரும்பப் பிடித்தபோது மிஞ்சியிருந்தது கப்பலின் வயிற்றுக்குள் ஓர் அறை. பால்கனி கிடையாது, ஜன்னலும் கிடையாது. சுவரில் ஜன்னல் மாதிரி ஒரு படம் மாட்டியிருப்பார்களாம்.

இதைச் சொன்னபோதுதான் சறோஜா உண்மையிலேயே அழுதாள்.

"பால்கனி இல்லையோ? அப்ப நான் எங்கயிருந்து கை காட்டுறது?"

கண்மணிக்கு நெஞ்சு பிளந்துவிட்டது. அண்ணனைத் தொட முடியாவிட்டாலும் போகிறது, தூரத்தில் நின்று கையாவது காட்டலாம் என்று அந்த மனுஷி தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். அதையும் பிடுங்கியாயிற்று. யார் பிடுங்கியது? நான். எதனால்? சுந்தரத்தால். அவள் கோபம் எந்த வழியாகப் போனாலும் கடைசியில் அவரிடம்தான் போய் நின்றது.

சுந்தரம் அன்று முழுவதும் பால்கனிக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். "நீ பண்ற ஒவ்வொரு நல்லதுக்கும் நான் ஊர்பூரா போன் போட வேண்டியிருக்கு," என்று ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் சொன்னார். "நல்லது பண்றதை நிறுத்தும்மா. கையெடுத்துக் கும்பிடறேன்."

"முதல்லயே ஒரு போன் போட்டிருந்தா இவ்வளவு போன் தேவைப்படாது சார்."

"போடி, வீட்டுக்குப் போ," என்றாள் ஆனந்தவல்லி. "மழை வருது, ரயிலை நிறுத்திருவான்."

ரயிலை நிறுத்தவில்லை. ரயிலில் உட்கார்ந்து, ஈரச் சாக்ஸோடு, ஜன்னலில் ஓடுகிற மழையைத் திட்டிக்கொண்டே வந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இத்தனை நாளும் தங்கையைக் கரைக்குக் கொண்டுபோகத்தானே பாடுபட்டோம்? அண்ணனைக் கப்பலுக்குக் கொண்டுவந்தால் என்ன?

கரைக்கு வந்து சந்திக்கப்போகிறவர் என்று டெஸ்மனின் எண்ணை சறோஜாவே கொடுத்திருந்தாள். மறுநாள் காலையில், சுந்தரம் வருவதற்கு முன் கண்மணி அதற்கு அடித்தாள். பிரான்சில் அப்போது முந்தின நாள் இரவு.

"அலோ?" ஒரு வெண்கலக் குரல். "ஆர், நியூசிலாந்தோ? தங்கச்சிக்கு ஏதும் சுகமில்லையோ?"

"சுகமா இருக்காங்க அங்கிள். நான் டிராவல்ஸ்ல இருந்து பேசுறேன்."

"ஓ, ஏமாத்தின கொம்பனி." குரலில் ஒரு துளி கோபமும் இல்லை. "தங்கச்சி அழுதழுது எல்லாம் சொன்னவ. நானும் என்ர மனிசி இவோனும் கேட்டுப்போட்டுச் சாப்பிடவும் இல்லை. பாக்காமலே கண்ணை மூடிவிடுவம் போல கிடக்கு, பிள்ளை."

"அவங்க கரைக்கு வர முடியலைன்னா என்ன அங்கிள், நீங்க கப்பலுக்கு வரலாமே. அவங்க பார்சிலோனாவுல ஏறுறாங்க. நீங்களும் அங்கேயே வந்து ஏறிக்கலாம். அவங்க கூடவே முழுப் பயணமும்."

 அந்த வெண்கலம் வீடு அதிர முழங்கியது. "இவோன், இஞ்ச ஓடி வாரும். இந்தப் பிள்ளை என்ன கதைக்குது எண்டு கேளும்."

அடுத்த சில நிமிடங்களில் எல்லாம் கண்மணியின் விரல் நுனியில் நடந்தேறியது. அதிர்ஷ்டம் வந்தால் சேர்ந்துதான் வரும். யாரோ ஒரு குடும்பம் கடைசி நேரத்தில் விட்டுப் போன இரண்டு அறைகள் கிடைத்தன. இரண்டிலும் பால்கனி. இரண்டுக்கும் நடுவில், திறந்து வைத்துக்கொள்ள ஒரு கதவு.

"பிள்ளை, இன்னொண்டு," என்றார் டெஸ்மன். "கப்பலால இறங்கினாப் பிறகு நாங்களும் அவையளோட அப்பிடியே ஒக்லாந்துக்கு வந்திடுவம். தங்கச்சியின்ர வீட்டில அறை சும்மாதானே கிடக்குது. ஒரு மூண்டு மாதம் நிண்டிட்டு வந்தால் இவோனுக்கும் மாறுதலா இருக்கும். விசா எல்லாம் நீரே பாத்துத் தருவீரோ?"

"பாத்துத் தர்றேன் அங்கிள்."

"கர்த்தர் உமக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார்."

நியூசிலாந்துக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் கண்மணிக்கு யார்மேலும் கோபம் இல்லை. டெய்ரிக்காரன் பழைய ரொட்டியைக் கொடுத்தபோதுகூட வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள்.

அன்றைக்கே சறோஜாவையும் யோகராஜாவையும் ஆபீசுக்கு வரச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. சந்தோஷத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

மத்தியானம் பிளாட் புஷ் பகுதியிலிருந்து அவர்களுடைய வேன் வந்து நின்றது. சறுக்குப் பலகை இறங்கி, அதன்மேல் யோகராஜாவின் பேட்டரி நாற்காலி இறங்கி, உள்ளே வந்து, சுந்தரத்தின் மேஜைக்கு முன்னால் நின்றது. யோகராஜா வாயைத் திறந்தால், ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்கிற 'ஓம்' மட்டும்தான் வரும் என்பது அந்த ஆபீசுக்கே தெரியும். சறோஜா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரியாயிருச்சு ஆன்ட்டி," என்றாள் கண்மணி.

"என்னது சரியாப் போச்சு?" என்று கேட்டது சறோஜா அல்ல, சுந்தரம்.

"நீங்க சும்மா இருங்க சார். ஆன்ட்டி, உங்களுக்குப் பால்கனி திரும்பக் கிடைச்சிருச்சு."

சறோஜாவின் முகம் விரிந்தது. "மாதாவே, நல்லா இரும் பிள்ளை."

"இன்னும் இருக்கு. நீங்க பால்கனியில நின்னு யாருக்கும் கை காட்ட வேண்டாம். உங்க அண்ணன் உங்க கூடவே வர்றார்."

சறோஜாவின் முகம் விரிந்தபடியே இருந்தது. ஆனால் உள்ளே யாரோ விளக்கை அணைத்துவிட்டதுபோல் ஆயிற்று.

"எங்க?" என்றாள்.

"கப்பல்ல. அண்ணனும் அண்ணியும் பார்சிலோனாவுல ஏறுறாங்க. பக்கத்து ரூம். நடுவுல ஒரு கதவு வச்ச ரூமாப் பாத்துப் போட்டிருக்கேன்."

"கதவோ?"

"ஆமா ஆன்ட்டி. ராத்திரி பகலாத் திறந்தே வச்சுக்கலாம்."

"பூட்டு இருக்கோ?"

"பூட்டு எதுக்கு ஆன்ட்டி?"

சறோஜா புருஷனைப் பார்த்தாள். யோகராஜா கூரையைப் பார்த்தார். சுந்தரம் இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டு மேஜையைப் பார்த்தார்.

"அதோட முடியல," என்றாள் கண்மணி. இந்த இடத்துக்காகத்தான் அவள் காலையிலிருந்து காத்திருந்தாள். "கப்பல்லருந்து இறங்கினதும் அவங்களும் உங்க கூடவே ஆக்லாந்து வர்றாங்க. மூணு மாசம் உங்க வீட்லதான் தங்கப்போறாங்க. விசாவுக்கு வேண்டியதை நானே ஆரம்பிச்சுட்டேன்."

சறோஜா வாயில் கையை வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பிறகு கண்ணீர் வந்தது, கைப்பையில் சொட்டச் சொட்ட வந்தது.  கண்மணி டிஷ்யூ பெட்டியை எடுத்து நீட்டினாள். சறோஜா அதைத் தள்ளிவிட்டாள்.

"சுந்தரம் அண்ணை," என்றாள் அழுகைக்கு நடுவே. "உங்களை நம்பித்தானே நான் வந்தனான்."

சுந்தரம் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"மன்னிச்சிருங்கம்மா," என்றார்.

ஆனந்தவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்கு சார் மன்னிப்பு?" என்றாள் கண்மணி. "கேக்க வேண்டிய அன்னைக்குக் கேக்கல. இப்பதான் எல்லாத்தையும் நான் சரி பண்ணிட்டேனே."

"நீயும் கேளு."

"என்னது?"

"நீயும் அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு, கண்மணி."

 கண்மணி அந்த மனிதரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று ஆனந்தவல்லிக்குத் தோன்றியது.

"டெண்டர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. ஒரு வீல்சேர்காரரை, அவர் இறங்கவே முடியாத ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்பினீங்க. சொன்னதும் ஜல்லி கொட்டுறான், ஜெட்டி கட்டுறான்னு கதை விட்டீங்க. நான் ஒருத்தி மெல்பர்ன்காரன்கிட்ட, அவன் மேலதிகாரிகிட்ட எல்லாம் தொண்டை கிழியப் பேசி, ஒரு அண்ணனையும் தங்கச்சியையும் சேத்து வச்சா, நான் மன்னிப்புக் கேக்கணுமா? தப்புப் பண்ணவன் நாற்காலியில உக்காந்திருப்பான், சரி பண்ணவ நின்னுக்கிட்டு மன்னிப்புக் கேக்கணும். இதை நான் எங்க ஊர் தாலுகா ஆபீஸ்லயே பாத்துட்டேன் சார். இதைப் பாக்கறதுக்கு இவ்வளவு தூரம் ப்ளேன் ஏறி வந்திருக்க வேண்டியதில்லை."

"கண்மணி, உக்காரு. நான் சொல்றேன்."

"அண்ணை," என்றாள் சறோஜா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அந்த ஒரு சொல்லில் சுந்தரம் வாயை மூடிக்கொண்டார்.

"சொல்றதுக்கு உங்ககிட்ட ஒண்ணும் இல்லை. எனக்குத் தெரியும்," என்றாள் கண்மணி. "நாளைக்கு நான் வரமாட்டேன். நாளன்னைக்கும் வரமாட்டேன்."

"அவசரப்படாதடி," என்றாள் ஆனந்தவல்லி. "உன் விசா என்னாகும், வாடகை என்னாகும். வேற வேலை பாத்துட்டுப் போ."

"வேலையைப் பாக்கலாம்க்கா. இன்னும் ஒரு நிமிஷம் இங்க நின்னேன்னா என்னைப் பாக்க எனக்கே பிடிக்காது."

மழைக் கோட்டை எடுத்துக்கொண்டாள். தன் நாற்காலி முதுகில் போட்டிருந்த துண்டையும் எடுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது தூறல் முகத்தில் அடித்தது. சுகமாக இருந்தது. இனி யார் வந்து கூப்பிட்டாலும், காலில் விழுந்தாலும், அந்தக் கதவுக்குள் போவதாக இல்லை. ரயில் நிலையத்தைப் பார்த்து விறுவிறு என்று நடந்தாள்.

பின்னால் ஏதோ கரகரவென்று உருண்டு வந்தது. யோகராஜாவின் நாற்காலி. நடைபாதையில் தேங்கிய தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தது.

"பிள்ளை, கொஞ்சம் ஆறுதலா."

"எனக்கு யாரோட ஆறுதலும் வேண்டாம் அங்கிள்."

"அதில்லை. மெதுவா நடவும். பேட்டரி இறங்கப் போகுது."

அவள் மெதுவாக நடக்கவில்லை. மனுஷனுக்கு 'ஓம்' தவிர வேறு சொற்களும் தெரியும் என்பதுகூட அவளை நிறுத்தவில்லை. சாலையைக் கடக்கப் பச்சை விழுந்தது. அவள் இறங்கி நடந்தாள். அவர் நடைபாதையின் விளிம்பில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு, அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"நீர் போறதெண்டால் போம், ஆனால் சுந்தரத்தாரைக் குறை சொல்லாதயும், அண்ணனிட்டப் போனதாகவும் இருக்கவேணும், அவரைச் சந்திக்காததாகவும் இருக்கவேணும், பழி முழுக்க ஏஜென்ட் தலையில விழவேணும், அப்பிடி ஒரு கப்பலாப் பாத்துத் தாங்கோ எண்டு எங்கட மனிசிதான் அந்த மனுசனைக் கெஞ்சிக் கேட்டவ."